பாட்டன் காலத்துக் கத்தி: காப்பதா, தீட்டிப் புழங்குவதா, புதுப்பிப்பதா?

பழைய கத்தியிலிருந்து ஒருமுறை தேய்ந்துபோன எஃகைத் திரும்பச் சேர்க்க எந்தக் கைவினைஞராலும் இயலாது. குடும்பத்தில் மூத்தவர்கள் விட்டுச்சென்ற கத்திகளை என்ன செய்வது என்று முடிவெடுக்கும்போது, அதனாலேயே, குறைவான எஃகை இழக்கும் வழியை முதலில் பார்ப்பதும் அதிகமாக இழக்கும் வழியைக் கடைசியில் பார்ப்பதும் முறையாகும் என்று கருதுகிறேன். ஆனால் பலரும் நேர்மாறாகச் செய்கிறார்கள். துருவேறிய கத்தியைக் கண்டதும் அதைக் கண்ணாடிபோல் மின்னவைக்கும் ஆசை வருகிறது. மோட்டார் பொருத்திய சக்கரத்தில் சில நிமிடங்கள் பிடித்துவிட்டால், அரை நூற்றாண்டு நிதானமாகப் புழங்கித் தேய்ந்ததைவிட அதிகமான எஃகு போய்விடக்கூடும்.

நம் முன்னே இருக்கும் வழிகள் நான்கு: துரு மேலும் பரவாதபடி நிறுத்திக் கத்தியை அப்படியே காப்பது, வீட்டிலேயே துப்புரவு செய்து தீட்டிப் புழக்கத்துக்குக் கொண்டுவருவது, தேர்ந்த கைவினைஞரிடம் கூர் பிடிக்கவும் பழுது பார்க்கவும் கொடுப்பது, அலகு முதல் பிடி வரை முழுமையாகப் புதுப்பிப்பது. ஒரே பெட்டியில் கிடைத்த கத்திகளாகவே இருந்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே முடிவைப் பொருத்தக் கூடாது. ஒவ்வொன்றையும் தனியாகக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் அறிய வேண்டியது எஃகின் வகை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியது 1913ஆம் ஆண்டில். வீட்டுக் கத்திகளில் அது பரவலாக வருவதற்கு அதன்பின் மேலும் சில ஆண்டுகள் ஆயின. ஆகவே அதற்கு முற்பட்ட கத்தி எதுவானாலும் அது எளிதில் துருப்பிடிக்கும் கார்பன் எஃகுதான். அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் கார்பன் எஃகுக் கத்திகள் ஏராளமாகச் செய்யப்பட்டன, இன்றும் செய்யப்படுகின்றன. அலகு சாம்பல், கருநீலம் கலந்த நிறத்தில் மங்கலாக இருந்தால் அது பெரும்பாலும் கார்பன் எஃகாகவே இருக்கும். அலகில் பொறித்த எழுத்துகளும் காலத்தைச் சொல்லும். அமெரிக்காவில் 1890இல் நிறைவேறிய சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் அவை உருவான நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது; எனவே அந்நாட்டுச் சந்தைக்குச் சென்ற கத்தியில் நாட்டின் பெயர் இருந்தால், அது பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது என்று கொள்ளலாம். ஜெர்மனியின் சோலிங்கன் என்ற ஊர்ப்பெயர் 1938 முதல் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. இத்தகைய பொறிப்புகள் மிக ஆழமற்றவை என்பதால், உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தாலே மறைந்துவிடும். எந்த வேலையைத் தொடங்கும் முன்பும் அவற்றைச் சாய்வான வெளிச்சத்தில் படமெடுத்து வைப்பது நல்லது.

பிடியையும் இதே கவனத்தோடு பார்க்க வேண்டும். வெளிர்நிறப் பிடியின் அடிப்பகுதியை உருப்பெருக்கியில் பார்த்தால், எலும்பில் சிறு கரும்புள்ளிகளும் கோடுகளும் தெரியும். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் வளைகோடுகள் தெரியும். தந்தத்தைப் போலச் செய்த செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக்கில் ஒழுங்கான இணைகோடுகள் தெரியும், அல்லது கோடே இருக்காது. இந்த வேறுபாடு முடிவையே மாற்றக்கூடியது. தந்தம், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்துக்குள் வருவதால், அதை விற்பதற்கும் நாட்டு எல்லையைத் தாண்டிக் கொண்டுசெல்வதற்கும் கடுமையான விதிகள் உண்டு. தூரத்தில் இருக்கும் கைவினைஞருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இதை முதலிலேயே விசாரித்துக்கொள்ள வேண்டும். செல்லுலாய்டோ எளிதில் தீப்பற்றும். ஆண்டுகள் செல்லச் செல்லச் சிதைந்து அமில ஆவியை வெளியிட்டு, அருகில் இருக்கும் உலோகத்தையும் அரிக்கும். சுட்ட ஊசியால் குத்திச் சோதிக்கும் பழக்கத்தைச் செல்லுலாய்டு எனச் சந்தேகம் உள்ள பிடியில் ஒருபோதும் செய்யக் கூடாது. அப்படிப்பட்ட கத்தியை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் மூடிவைக்காமல், காற்றோட்டமுள்ள இடத்தில் தனியே வைக்க வேண்டும்.

அடுத்து அலகின் உடல்நிலை. கத்தியின் வாயை மேல்நோக்கித் திருப்பி விளக்கொளியில் பார்த்தால், கூரான இடம் கண்ணுக்குத் தெரியாது; மழுங்கிய இடம் மெல்லிய வெள்ளிக்கோடாக ஒளிரும்; பல் விழுந்த இடங்கள் புள்ளிகளாக மின்னும். பிறகு தட்டையான பலகையில் வாயை நிறுத்தி, பின்னால் வெளிச்சம் வரச் செய்தால், நடுவில் உள்வாங்கித் தேய்ந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். பிடிக்கு அருகிலும் ரிவெட் ஆணிகளைச் சுற்றியும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று நிதானமாகத் தேட வேண்டும். விரிசல் விட்ட அலகைப் புழக்கத்துக்குக் கொண்டுவரும் எண்ணத்தை விட்டுவிடுவதே பாதுகாப்பானது. பற்றவைத்து ஒட்டினால் அந்தச் சூட்டில் எஃகின் பதம் கெடும். மறுபடி பதமேற்றினாலும் பழைய உறுதி வரும் என்று நம்ப முடியாது.

முதல் வழியான காப்பதைப் பலரும் ஒன்றும் செய்யாமல் விடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். அது சரியல்ல. செந்நிறத் துரு உதிரும் தன்மையுடையது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அடியில் இருக்கும் எஃகை மேலும் அரித்துக்கொண்டே போகும். எஃகோடு ஒட்டியிருக்கும் கருநிறப் படலமோ பெருமளவுக்கு அரிப்பைத் தடுக்கும். எனவே காக்க விரும்புகிறவர் செந்துருவை மட்டும் நீக்கி, கரும்படலத்தைத் தொடாமல் விட வேண்டும். எண்ணெய் தடவி ஒருநாள் ஊறவிட்டு, மரக்குச்சியாலோ மிக மெல்லிய இரும்பு நாராலோ மெதுவாகத் தேய்த்தால் செந்துரு சேறுபோல் எண்ணெயோடு வந்துவிடும். பின்பு எண்ணெயை முழுதாகத் துடைத்து, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகைச் சன்னமாகப் பூச வேண்டும். அருங்காட்சியகங்களில் நெடுங்காலமாகப் பயன்படும் பூச்சு இது. தேவைப்பட்டால் கரைத்து நீக்கிவிடவும் முடியும். விரிசல் விட்ட கத்தி, அரிய பொறிப்புள்ள கத்தி, பலமுறை சாணை பிடித்து அலகு பாதியாகச் சுருங்கிவிட்ட கத்தி ஆகியவற்றுக்கு இதுவே என் பரிந்துரை. இதன் குறை ஒன்றுதான்: இப்படிக் காத்த கத்தி வேலைக்கு உதவாது. வேலை செய்த கத்தியை வேலை செய்யும் கத்தியாகவே வைத்திருப்பதுதான் மூத்தவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கும் குடும்பங்களின் மனநிலையும் எனக்குப் புரிகிறது. அலகு உறுதியாக இருக்கும்வரை, என் சாய்வும் அந்தப் பக்கமே.

அவர்களுக்கு உரியது இரண்டாம் வழி. இதில் துரு நீக்குவதற்கே பல முறைகள் இருப்பதால், அவற்றைச் சற்று விரிவாக ஒப்பிட வேண்டியிருக்கிறது. எண்ணெயும் மெல்லிய உராய்பொருளும் கொண்டு கையால் தேய்ப்பது மெதுவான முறை; ஆனால் எவ்வளவு போகிறது என்பது ஒவ்வொரு நிமிடமும் கண்ணுக்குத் தெரியும், வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். வினிகரில் ஊறவைப்பது விரைவானது, மலிவானது, அதனாலேயே அதிகம் பரிந்துரைக்கப்படுவது. வினிகரில் ஏறக்குறைய 5 சதவீதம் அசெட்டிக் அமிலம் இருக்கிறது. துருவைக் கரைக்கும் அந்த அமிலம் துருவோடு நின்றுவிடாது. நல்ல எஃகையும் தாக்கி மேற்பரப்பைச் சாம்பல் நிறமாகவும் சொரசொரப்பாகவும் ஆக்கிவிடும். நாம் காக்க நினைத்த கரும்படலத்தையும் கழுவிச்செல்லும். இரவு முழுவதும் ஊறவிட்டுக் காலையில் பார்த்தால் பொறித்த எழுத்துகள் மங்கியிருக்கலாம். இம்முறையைப் பின்பற்றுகிறவர் அரைமணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரில் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும். சிட்ரிக் அமிலத்துக்கும் இதே எச்சரிக்கைதான்.

ஈடிடிஏ போன்ற இரும்பயனிகளைப் பிணைக்கும் வேதிப்பொருள்கள் அடங்கிய துரு நீக்கிகள் அமிலங்களைவிட மென்மையானவை. அவை துருவையே பெரும்பாலும் எடுத்துக்கொண்டு, எஃகை அதிகம் தொடுவதில்லை. ஊறவைத்தே ஆக வேண்டும் என்றால் வினிகரைவிட இவற்றையே தேர்ந்தெடுப்பேன். சலவை சோடா கரைத்த நீரில் மின்சாரம் செலுத்தித் துருவை நீக்கும் முறையும் உண்டு. துருத்தட்டு தடித்துப்போன இரும்புக்கருவிகளுக்கு அது மிகச் சிறப்பாகப் பயன்படுகிறது. ஆயினும் கத்திக்கு எதிரே வைக்கும் நேர்மின்முனையாக எவர்சில்வர் தகட்டைப் பயன்படுத்தினால் நச்சுத்தன்மையுள்ள குரோமியச் சேர்மம் நீரில் சேரும். வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது. கத்தியை மூழ்கவைத்தால் பிடியும் கெட்டுவிடும். ஒரு வீட்டுக்கத்திக்காக இவ்வளவையும் தாங்கிக்கொள்ள வேண்டிய தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எந்த முறையாயினும் பிடியும் அலகும் சேரும் இடம் நனையக் கூடாது. அங்கே நுழையும் ஈரம் வெளியேறாமல் உள்ளிருக்கும் காம்பைக் கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும், பருத்த துரு பிடியின் மரத்தைப் பிளக்கவும் செய்யும்.

துரு போனபின் குழிகள் தெரிந்தால் அவற்றை மட்டமாக்க முயல வேண்டாம். அலகின் பக்கவாட்டில் இருக்கும் குழி வெட்டுவதற்கு எந்த இடையூறும் செய்யாது. வாய் ஓரத்தில் இருக்கும் குழிதான் தொல்லை தரும், ஏனெனில் தீட்டித் தீட்டி வாய் அந்த இடத்தை அடையும்போது அது பல் விழுந்ததுபோல் ஆகிவிடும். அது ஆண்டுகள் போக்கில் தானே தேய்ந்து மறைந்துவிடும். ஒரே நாளில் மறைய வேண்டும் என்று நினைப்பதால்தான் அலகு மெலிந்துபோகிறது.

தீட்டுவதில் மூன்று கருவிகள் போட்டியிடுகின்றன. இழுத்துத் தீட்டும் சிறு கருவி எவருக்கும் எளிது. ஆனால் அதன் கடின உலோகத் தகடுகள் எஃகைச் சீவி எடுக்கின்றன, கோணத்தையும் அதுவே நிர்ணயித்துவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் சரிவு கொண்ட கத்தியை அதில் ஒருமுறை இழுத்தாலே அந்தக் கத்தியின் அமைப்பு குலைந்துவிடும். பரம்பரைக் கத்திக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மோட்டார் சக்கரம் பல் விழுந்த வாயை விரைவாகச் சீராக்கும். அதன் ஆபத்து சூடு. கடினமாக்கிய கார்பன் எஃகு நொறுங்காதிருக்க மறுபடி சூடேற்றிப் பதமாக்கும்போது ஏறக்குறைய 200 பாகை செல்சியஸ் வரை மட்டுமே சூடேற்றுவது வழக்கம். சக்கரத்தில் வாய் ஓரம் அதைத் தாண்டிச் சூடேறும்போது முதலில் வைக்கோல் நிறமும், பிறகு பழுப்பும், ஊதாவும், ஏறக்குறைய 300 பாகையில் நீலமும் படரும். நீலம் படர்ந்த இடம் பதம் இழந்துவிட்டது. எவ்வளவு தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. கைக்கு வந்த கத்தியின் நுனியில் ஏற்கெனவே அப்படி நீலம் தெரிந்தால், முன்பு யாரோ உலர்ந்த சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள் என்று பொருள். நுனி மென்மையாகவே இருக்கட்டும் என்று விட்டு, மற்றப் பகுதியைப் பயன்படுத்துவதே அங்கே நல்ல தீர்வு.

எஞ்சியது தீட்டுகல். கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும், ஆனால் இழப்பு மிகக் குறைவு, சூடு இல்லை, கோணம் நம் கையில். கல்லின் எண் கூடக் கூட அதன் சொரசொரப்பு குறையும்: பல் விழுந்த வாய்க்கு 220 முதல் 400 வரையிலான எண்ணும், வழக்கமான கூருக்கு 1000உம், மெருகுக்கு 3000 அல்லது அதற்கு மேலும் பொருந்தும். ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால் 1000 போதும். மெல்லிய அலகுக்குப் பக்கத்துக்கு 15 பாகை, பொதுவான புழக்கத்துக்கு 20 பாகை, கொத்தும் தடித்த கத்திக்கு 25 பாகை அல்லது சற்றுக் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். பாகையைக் கண்ணால் கணிப்பது கடினம் என்பதால் உயரத்தால் அளப்பது எளிது: அலகின் அகலம் 40 மில்லிமீட்டர் என்றால், முதுகைக் கல்லிலிருந்து 10 மில்லிமீட்டர் உயர்த்தினால் ஏறக்குறைய 15 பாகை, 14 மில்லிமீட்டர் உயர்த்தினால் ஏறக்குறைய 20 பாகை. பழைய கத்தியில் இதையும்விட நல்ல வழி, முன்னோர் வைத்த கோணத்தையே பின்பற்றுவது. வாயோரச் சரிவில் மார்க்கர் பேனாவால் கோடிட்டு, கல்லில் இரண்டு முறை இழுத்துப் பார்த்தால், மை எங்கே அழிகிறது என்பது கோணம் பொருந்துகிறதா என்பதைக் காட்டிவிடும். மை முழுதும் சீராக அழியும்வரை கையின் உயரத்தை மாற்ற வேண்டும். ஒரு பக்கம் போதிய அளவு தீட்டியபின், மறுபக்கத்தில் விரலை வாயிலிருந்து வெளிநோக்கி மெதுவாக நகர்த்தினால் நெடுகச் சிறு பிசிறு நெருடும். அது முழு நீளத்துக்கும் வந்தபின்தான் கத்தியைத் திருப்ப வேண்டும். முடிவில் அந்தப் பிசிறை மிக இலேசான இழுப்புகளால் நீக்க வேண்டும்.

மூன்றாம் வழியான கைவினைஞர், வாய் உள்வாங்கித் தேய்ந்த கத்திக்கும், ஒருபக்கச் சரிவுள்ள கத்திக்கும், நடுவில் கடின எஃகும் இருபுறம் மென் இரும்புமாகச் சேர்த்து அடித்த அலகுக்கும் பெரும்பாலும் தேவைப்படுவார். பலமுறை தீட்டி அகலம் குறைந்த அலகில் வாய், தடித்த பகுதிக்கு ஏறிவந்திருக்கும். கூர் இருந்தாலும் வெட்டும்போது ஆப்புபோல் சிக்கும். அதைச் சரிசெய்ய அலகின் பக்கங்களையே மெலிதாக்க வேண்டும். அது வீட்டில் முதன்முதலாகப் பழகிப்பார்க்க வேண்டிய வேலை அல்ல. ஆனால் கைவினைஞர் என்று பெயர் இருந்தாலே போதும் என்று கொடுத்துவிடக் கூடாது. நீர் சொட்டும் மெதுவான சக்கரமா, உலர்ந்த வேகச் சக்கரமா என்று கேட்க வேண்டும். பழைய கார்பன் எஃகுக் கத்தியில் முன்பு செய்த வேலையைக் காட்டச் சொல்ல வேண்டும். அலகின் பக்கங்களை மெருகேற்ற வேண்டாம், வாயை மட்டும் தொடுங்கள் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். நல்ல கைவினைஞர் இந்தக் கேள்விகளால் கோபப்படமாட்டார். பெரும்பாலும் அவரே கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எதைச் செய்யக் கூடாது என்பதை முதலில் சொல்வார்.

நான்காம் வழியான முழுப் புதுப்பிப்பை நான் மிக அரிதாகவே ஏற்கிறேன். அலகைக் கண்ணாடிபோல் மெருகேற்றினால் கரும்படலம், பொறிப்பு, மூத்தவரின் கை தேய்த்த தடம் ஆகிய அனைத்தும் ஒருசேரப் போகும். கார்பன் எஃகில் அந்த மினுக்கமும் சில வாரப் புழக்கத்திலேயே மங்கிவிடும். சேகரிப்பாளர்களும் அதிகமாக மெருகேற்றிய பழைய கத்தியைக் குறைவாகவே மதிக்கிறார்கள். இந்த வழி பொருந்தும் இடம் பிடி முற்றிலும் அழிந்துபோன கத்தி மட்டுமே. அங்கேகூட, பிடியில் வெடிப்பு மட்டும் இருந்தால் நிரப்பி ஒட்டுவது, ஆணி தளர்ந்திருந்தால் ஆணியை மட்டும் மாற்றுவது, மரம் வறண்டிருந்தால் ஆளிவிதை எண்ணெயைச் சன்னமாகப் பலமுறை ஊட்டுவது என்று சிறிய தீர்வுகளை முதலில் பார்க்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் நனைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்து உலரவிட வேண்டும். பிடியை மாற்றியே தீர வேண்டிய நிலை வந்தால், பழைய பிடியின் துண்டுகளையும் ஆணிகளையும் ஒரு உறையில் போட்டு வைக்குமாறு கைவினைஞரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் பின்பராமரிப்பு ஏறக்குறைய ஒன்றே. புழங்கிய உடனே கழுவி, அப்போதே துடைக்க வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடவே கூடாது. அலகில் மினரல் ஆயிலைச் சன்னமாகத் தடவ வேண்டும், ஏனெனில் பல தாவர எண்ணெய்கள் நாளாவட்டத்தில் பிசுபிசுத்துவிடும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும்போது இரும்பு விரைந்து துருப்பிடிப்பதால், நெடுநாள் வைத்திருக்கும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இடுவது பயன் தரும். தோல் உறை இருந்தால் அதைத் தனியே வைக்க வேண்டும். பதனிட்ட தோலில் இருக்கும் அமிலமும் ஈரமும் அலகைக் கறுக்கவைத்துக் குழிவிழச் செய்யும்.

கத்திகளைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் குடும்பங்களில், ஒருவர் காக்க விரும்பலாம், மற்றொருவர் புழங்க விரும்பலாம். யாருக்கு எது என்பதைப் பிரித்தபின்தான் வேலையைத் தொடங்க வேண்டும். எல்லாவற்றையும் ஒருவரே எடுத்துச்சென்று ஒரே மாதிரியாகச் சாணை பிடித்துக் கொண்டுவந்து பங்கிடுவது மற்றவர்களின் விருப்பத்தை முன்கூட்டியே பறித்துவிடும். ஒவ்வொரு கத்தியோடும் ஒரு சிறு குறிப்பு இருக்கட்டும்: அது யாருடையது, அலகில் என்ன பொறித்திருக்கிறது, எந்த ஆண்டில் எந்த வேலை செய்யப்பட்டது, எந்தக் கோணத்தில் எந்தக் கல்லில் தீட்டப்பட்டது, எந்த எண்ணெய் அல்லது மெழுகு பூசப்பட்டது. அடுத்துத் தீட்டப் போகிறவர் கோணத்தைப் புதிதாக ஊகித்து எஃகை வீணாக்காமல் வேலையைத் தொடங்க அது போதும்.